கார்ட்டூன் உரிமம் முடிந்தபோது: ஒரு படகு ரைடின் நிகழ்வு ஆய்வு

நடுத்தர அளவிலான ஒரு தீம் பார்க்கில், குடும்பமாகப் போகும் உள்ளரங்கப் படகு ரைடு ஒன்று இருக்கிறது. அதில் தொலைக்காட்சியில் பிரபலமான கார்ட்டூன் பாத்திரங்களைச் சேர்த்தார்கள். சில ஆண்டுகளில் அந்த உரிம ஒப்பந்தம் முடிந்தது. ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதா, வேறு கார்ட்டூனுக்கு மாறுவதா, கார்ட்டூனே இல்லாமல் நடத்துவதா என்று முடிவு செய்ய அமைத்த குழுவில் நானும் இருந்தேன். பூங்காவின் பெயரையும் கார்ட்டூனின் பெயரையும் ஆட்களின் பெயர்களையும் இங்கே தரவில்லை. இதே கேள்வி பல பூங்காக்களில் திரும்பத் திரும்ப எழுகிறது என்பதால் நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

பின்னணி

ரைடைக் கட்டியபோது அதில் எந்தக் கார்ட்டூனும் கிடையாது. ராத்திரி நேரத்துக் காடு, அதற்குள் ஓர் ஓடை, ஓடையில் ஒரு படகு, அவ்வளவுதான். கான்கிரீட் கால்வாயில் பம்புகள் தண்ணீரை மெதுவாகத் தள்ளும். அந்த ஓட்டத்தில் படகு தானாகப் போகும். வழியில் தவளைக் கூட்டம், பெரிய ஆந்தை ஒன்று, பனிமூட்டம், கடைசி வளைவில் கூரை முழுக்க மின்மினிகள். மின்மினிகள் என்பவை ஒளியிழைகளின் நுனிகள்தான். ஆனால் இருட்டில் அப்படித் தெரியாது.

போய் வந்தவர்களுக்கு ரைடு பிடித்திருந்தது. ஆனால் அதற்காகவே பூங்காவுக்கு வந்தவர்கள் குறைவு. விளம்பரப் பிரிவின் வாதம் நேர்மையானது: "ராத்திரிக் காடு என்று சொன்னால் யாருக்கு என்ன புரியும்? போஸ்டரில் போட ஒரு முகம் வேண்டும்."

அந்த முகம் உரிமத்தின் மூலம் வந்தது. இப்படிப்பட்ட ஒப்பந்தங்களின் அமைப்பு பெரும்பாலும் ஒன்றுதான். வருமானம் எப்படி இருந்தாலும் தர வேண்டிய குறைந்தபட்ச உறுதித் தொகை, விற்கும் பொம்மை, சட்டை, குவளை எல்லாவற்றிலும் ராயல்டி எனும் உரிமைப் பங்கு, குறிப்பிட்ட காலவரை. அப்புறம் எல்லாவற்றுக்கும் மேலாக ஒப்புதல் உரிமை. பாத்திரம் எப்படித் தெரிய வேண்டும், எதன் பக்கத்தில் நிற்கலாம், என்ன சைகை செய்யலாம் என்பதை உரிமையாளர்தான் முடிவு செய்வார். இங்கே ஒப்பந்தக் காலம் 5 ஆண்டுகள்.

காட்சிகளில் கார்ட்டூன் பாத்திரங்கள் இயந்திரப் பொம்மைகளாக வந்து நின்றன. பின்னணி இசையை எடுத்துவிட்டுத் தொடரின் பாட்டைப் போட்டார்கள். அந்தக் கார்ட்டூன் உலகத்தில் ஆந்தையே கிடையாது என்பதால் ஆந்தையை அகற்றிக் கிடங்கில் வைத்தார்கள். வெளியேறும் வழியில் ஒரு கடை திறந்தார்கள்.

முதல் ஆண்டில் இது நன்றாகவே பலித்தது. வரிசை நீண்டது, கடையில் கூட்டம் நின்றது. இதைக் குறைத்துச் சொன்னால் மற்றதை எல்லாம் தவறாகப் புரிந்துகொள்ள நேரும்.

கவனித்தவை

ஒப்பந்தத்தின் கடைசி ஆண்டில் குழு வேலையைத் தொடங்கியது. படகில் ஏறும் மேடையிலும் வெளியேறும் வாசலிலும் நின்று பார்த்தோம். குடும்பங்களோடு படகிலும் போனோம். கணக்கெடுப்பதை விட, யார் எதைப் பார்க்கிறார்கள், எப்போது பேசுகிறார்கள், எப்போது வாய் மூடுகிறார்கள் என்று கவனிப்பதே நோக்கம்.

முதலில் கார்ட்டூன் பக்கம் உள்ள நியாயம். மேடையில் நாலு வயதுச் சிறுமி ஒருத்தி கைப்பிடிக் கம்பியைக் கட்டிக்கொண்டு ஏற மறுத்தாள். முன்னால் தெரிவது இருட்டான சுரங்க வாய். எந்தக் குழந்தைக்கும் அது பயம்தான். படகில் ஏற்றிவிடும் ஊழியப் பெண் குனிந்து, சுவரில் இருந்த கார்ட்டூன் முயலைக் காட்டி, "இவன் உள்ளேதான் இருக்கான் கண்ணா, நீ வருவேன்னு பார்த்துக்கிட்டு இருக்கான்" என்றாள். சிறுமி கம்பியை விட்டுவிட்டு ஏறினாள். இதே மாதிரி பலமுறை நடந்தது. தெரிந்த முகம் ஒன்று உள்ளே இருக்கிறது என்பது சின்னக் குழந்தைக்கு உண்மையான தைரியம். கார்ட்டூனை எதிர்த்துப் பேசுகிறவர்கள் பலர் இதை ஒரு பொருட்டாகவே எடுப்பதில்லை. எனக்கு இது அந்த ரைடில் கார்ட்டூன் செய்த மிக முக்கியமான வேலையாகத் தெரிந்தது.

உள்ளே போனதும் நிலைமை மாறியது. முதல் காட்சியில் குழந்தைகள் முயலின் பெயரைச் சொல்லிக் கத்துவார்கள். இரண்டாவது காட்சியில் கொஞ்சம் குறையும். மூன்றாவதில் பெரும்பாலும் சத்தமே இருக்காது. ஏனென்றால் எல்லாக் காட்சியிலும் முயல் செய்வது ஒன்றுதான்: திரும்பும், கையசைக்கும். அடையாளம் கண்டுகொள்கிற சந்தோஷம் ஒரு நொடியில் தீர்ந்துவிடுகிறது, அதற்குப் பிறகு அங்கே நடக்க ஏதாவது வேண்டும். தொடரின் கதையைச் சொல்ல முயன்ற இரண்டு காட்சிகள் இன்னும் மோசம். தொடர் பார்த்தவருக்கு அந்தக் கதை ஏற்கெனவே தெரியும், பார்க்காதவருக்குப் புரியாது. சில நிமிடப் படகுப் பயணத்தில் கதை சொல்ல இடமும் கிடையாது.

மின்மினி வளைவில் மட்டும் வேறு மாதிரி. கூரையில் இருப்பதால் அங்கே யாரும் கை வைக்கவில்லை. ரைடின் பழைய வடிவத்தில் பனிமூட்டத்தைத் தவிர மிஞ்சியது அது ஒன்றுதான். படகு அந்த வளைவுக்குள் திரும்பியதும் பேச்சு நின்றுவிடும். முன் வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு முதியவர், எட்டாது என்று தெரிந்தும் கையை மேலே நீட்டிக்கொண்டே போனதைப் பார்த்தேன். பக்கத்தில் பேரன் முயலை மறந்து, அவரைப் பார்த்துத் தானும் கையை நீட்டினான்.

வெளியே வந்தவர்களிடம் எது நினைவில் நிற்கிறது என்று கேட்டோம். சின்னக் குழந்தைகள் முயலைச் சொன்னார்கள். பெரியவர்கள் மின்மினியையும் பனியையும் சொன்னார்கள். எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகள் சொன்னதுதான் எங்களை யோசிக்க வைத்தது: "இது சின்னப் பசங்களுக்கு." எல்லா வயதினரும் ஏறிக்கொண்டிருந்த ரைடுக்குக் கார்ட்டூன் ஒரு வயது வரம்பை ஒட்டிவிட்டிருந்தது.

அந்த ஆண்டில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. தொடரின் புதிய பகுதிகள் வருவது நின்று சில காலம் ஆகியிருந்தது. மூன்று வயதுப் பையன் ஒருவன் முயலைக் காட்டி "யாரும்மா இது?" என்று கேட்டான். அம்மாவுக்கும் தெரியவில்லை, வெளியே வந்ததும் கடைப் பலகையைப் பார்த்துப் பெயரைப் படித்துச் சொன்னார். ஒப்பந்தத்தின் முதல் ஆண்டில் நாலு வயதாக இருந்த ரசிகருக்கு இப்போது எட்டு, ஒன்பது வயது. அவர் வேறு வரிசையில் நிற்கிறார்.

பட்டறையில் கேட்ட புகார்கள் தனி ரகம். முயலின் காதில் சாயம் வெளுத்தால் உடனே பூச முடியாது. வண்ண மாதிரியை அனுப்பி ஒப்புதல் வரும்வரை அந்தக் காட்சி துணி போர்த்தி நிற்கும். கையசைப்பின் நேரத்தைப் படகின் வேகத்துக்கு ஏற்பக் கொஞ்சம் தள்ளி வைக்கக்கூட அனுமதி வேண்டும். பல ஆண்டு அனுபவமுள்ள தொழில்நுட்பர்கள் தங்கள் ரைடைத் தாங்களே திருத்த முடியாமல் நின்றார்கள்.

முடிவுக்கு முன் நடந்த பேச்சு

புதுப்பிக்கும் யோசனை முதலிலேயே பலவீனமானது. தொடரைப் புதிய வடிவில் மறுபடி கொண்டுவரத் திட்டம் இருந்தது. பாத்திரங்களின் தோற்றமும் மாறிவிட்டது. ஆகவே ஒப்பந்தத்தைப் புதுப்பித்தால் எல்லாப் பொம்மைகளையும் புதிய தோற்றத்தில், பூங்காவின் செலவில், மறுபடி செய்ய வேண்டும் என்ற நிபந்தனை வந்தது.

வேறு கார்ட்டூனுக்கு மாறலாம் என்பதில்தான் நீண்ட விவாதம். விளம்பரப் பிரிவுத் தலைவர் அதை உறுதியாக ஆதரித்தார். எந்தப் பூங்காவுக்குப் போவது என்பதை ஒரு குடும்பம் சில நொடிகளில் முடிவு செய்கிறது, அந்த நொடிகளில் வேலை செய்வது தெரிந்த முகம்தான் என்பது அவர் வாதம். உதாரணத்துக்கு ஃப்ளோரிடாவின் யுனிவர்சல் பூங்காவில் உள்ள ஒரே கட்டடத்தைக் காட்டினார். 1990இல் அங்கே ஹன்னா பார்பெரா என்ற கார்ட்டூன் நிறுவனத்தின் பாத்திரங்கள், 2003இல் ஜிம்மி நியூட்ரான், 2012 முதல் மினியன்கள். இரண்டு தடவை முகம் மாறியும் கட்டடம் பிழைத்துக்கொண்டது. இன்னோர் உதாரணமாக ஃப்ளோரிடாவில் டிஸ்னி நடத்தும் எப்காட் பூங்காவைச் சொன்னார். நார்வே அரங்கில் 1988இல் திறந்த மெயில்ஸ்ட்ராம் படகு ரைடை 2014இல் மூடி, அதே கால்வாயில் 2016இல் ஃப்ரோஸன் படத்தின் பாத்திரங்களோடு திறந்தார்கள். வரிசை நீளத்தைப் பார்த்தால் அது வெற்றிதான்.

இந்த இரண்டுமே எங்கள் நிலைமைக்குப் பொருந்தாது என்பது என் கருத்து. யுனிவர்சல் கட்டடத்தில் மூன்று முறையும் இருந்தவை திரையும் அசையும் இருக்கைகளும் கொண்ட ரைடுகள். அங்கே மாற்றத்தின் பெரும்பகுதி திரையில் ஓடும் படம். எங்களிடம் இருந்ததோ கால்வாய் ஓரத்தில் போல்ட் போட்டு நிறுத்திய பொம்மைகளும் சுவர் முழுக்க ஓவியமும். ஒவ்வொரு மாற்றமும் பாதி ரைடை உடைத்துக் கட்டுவதற்குச் சமம். எப்காட்டின் விஷயத்தில், பாத்திரங்கள் அந்த நிறுவனத்துக்கே சொந்தம். ஒப்பந்தம் முடிந்து யாரும் வந்து பொம்மையைக் கழற்றச் சொல்ல முடியாது. கடன் வாங்கிய பாத்திரம் அப்படி இல்லை. சூப்பர்ஹீரோ படக்கதை நிறுவனமான மார்வெலை டிஸ்னி 2009இல் வாங்கியது. ஆனாலும் 1994இல் மார்வெலோடு யுனிவர்சல் போட்ட ஒப்பந்தத்தால், அந்த நிறுவனத்தின் பல நாயகர்கள் ஃப்ளோரிடாவின் ஆர்லாண்டோ நகரில் இன்றும் யுனிவர்சல் பூங்காவில்தான் இருக்கிறார்கள். பாத்திரம் யாருடையது என்பதையும் தாண்டி, காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதே ஒரு ரைடின் தலையெழுத்தாகிவிடும்.

கலிஃபோர்னியாவின் நாட்ஸ் பெர்ரி ஃபார்மில் 1983 முதல் ஸ்னூப்பி என்ற படக்கதை நாயின் பெயரில் ஒரு குழந்தைகள் பகுதி இருக்கிறதே, அது இன்னும் நடக்கிறதே என்று ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. ஸ்னூப்பி வரும் படக்கதை செய்தித்தாளில் தொடங்கியது 1950இல். பூங்காவுக்குள் வரும்போதே அதற்கு முப்பது வயது தாண்டியிருந்தது. ஒரு தலைமுறை வளர்ந்து, அடுத்த தலைமுறைக்குச் சொல்லிக்கொடுத்த பாத்திரம் அது. இந்த ஆண்டு ஓடுகிற தொடரை அதோடு ஒப்பிட முடியாது.

மூன்றாவது வழி, கடன் முகம் இல்லாமல் நடத்துவது. இதற்கும் முன்மாதிரிகள் உண்டு. டிஸ்னிலேண்டின் கடற்கொள்ளையர் படகு ரைடு 1967இல் திறந்தது, பேய் மாளிகை 1969இல். இரண்டுக்கும் பின்னால் எந்தப் படமும் கிடையாது. கொள்ளையர் ரைடிலிருந்துதான் 2003இல் படம் வந்தது. அந்தப் படத்தின் நாயகனை 2006இல் ரைடுக்குள் கொண்டுவந்தார்கள். நெதர்லாந்தின் எஃப்டெலிங் பூங்காவில் 1993இல் திறந்த ட்ரோம்ஃப்ளுக்ட் ரைடில் தேவதைகளும் குட்டிப் பூதங்களும்தான். அவர்களைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு யாரும் அங்கே வரவில்லை.

ஆனால் எங்களுக்கு உண்மையில் வழிகாட்டியது டோக்கியோ டிஸ்னிஸீயின் சிந்துபாத் படகு ரைடு. 2001இல் பூங்காவோடு சேர்ந்து திறந்த அந்த ரைடை 2007இல் மாற்றியமைத்தார்கள். வெளியிலிருந்து பிரபலமான கார்ட்டூன் எதையும் கொண்டுவரவில்லை. புதிதாக ஒரு பாட்டு, சிந்துபாத்தோடு கூடவே வரும் சந்து என்ற புலிக்குட்டி, இவற்றைச் சேர்த்தார்கள். குழந்தைக்குத் துணை வேண்டும் என்பதை ஒப்புக்கொண்டு, அந்தத் துணையை ரைடுக்குள்ளிருந்தே உருவாக்கியிருக்கிறார்கள்.

மேடையில் கம்பியைக் கட்டிக்கொண்ட சிறுமிக்கு வேண்டியிருந்ததும் அதுதான். அவளுக்குத் தேவைப்பட்டது தெரிந்த முகம். அது தொலைக்காட்சியில் தெரிந்த முகமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. வரிசையில் நிற்கிற நேரத்தில் ஒரு முகத்தைப் பழக்கிவிட முடியும்.

கடைசியில் குழுவைத் தீர்மானிக்க வைத்தது ஆயுள் கணக்கு. கான்கிரீட் கால்வாய் பல பத்தாண்டுகள் இருக்கும். ஒப்பந்தம் 5 ஆண்டுகள். ஒரு குழந்தை ஒரு கார்ட்டூனில் முழுசாக மூழ்கியிருப்பது அதைவிடக் குறைவான காலம். மிக நீண்ட ஆயுள் உள்ளதை மிகக் குறைந்த ஆயுள் உள்ளதோடு போல்ட் போட்டு இணைத்தால், சின்னது முடியும்போதெல்லாம் பெரியதையும் உடைக்க வேண்டிவரும்.

எடுத்த முடிவு

ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. ரைடுக்குள் வேறு கார்ட்டூனையும் கொண்டுவரவில்லை. ராத்திரிக் காடு திரும்பியது. கிடங்கிலிருந்த ஆந்தையை எடுத்துத் தூசி தட்டி, மோட்டாரை மாற்றி, பழைய இடத்திலேயே வைத்தார்கள்.

காட்டுக்குச் சொந்தமாக ஒரு நீர்நாய் சேர்ந்தது. அதற்கு வசனமும் கிடையாது, பாட்டும் கிடையாது. வரிசையில் குழந்தையின் கண் மட்டத்தில் ஈரக் கால்தடங்கள், கொஞ்சம் தள்ளிச் சுவரில் ஒரு துளை, துளைக்குள் எட்டிப் பார்த்தால் வாலை இழுத்துக்கொண்டு ஓடும் நிழல். பெரியவர்கள் குனிந்தால்தான் துளை தெரியும். ஆகவே பிள்ளைகள்தான் முதலில் கண்டுபிடித்துப் பெற்றோருக்குக் காட்டுவார்கள். அப்படி வர வேண்டும் என்றுதான் அந்த உயரத்தில் வைத்தோம்.

ஒவ்வொரு காட்சியிலும் படகு வருவதால் ஏதாவது நடக்க வேண்டும் என்பது இன்னொரு முடிவு. தவளைக் காட்சியில் படகு நெருங்கியதும் கத்தல் சட்டென்று நிற்கும். படகும் மெதுவாகும். அந்த அமைதியில் ஒரே ஒரு தவளை தயங்கித் தயங்கித் தொடங்க, பக்கத்தில் இன்னொன்று, அப்புறம் மொத்தக் குளமும். நிஜக் குளத்தருகே போனவர்களுக்கு இது தெரிந்ததுதான். உணரியும் ஒலிபெருக்கிகளும் போதும், இதற்கு யாருடைய ஒப்புதலும் வேண்டியதில்லை.

கார்ட்டூன்களைப் பூங்காவிலிருந்தே துரத்தவில்லை. நுழைவாயில் அருகே உள்ள மேடையிலும் பாத்திரங்களோடு படம் எடுத்துக்கொள்ளும் இடத்திலும், குறுகிய கால ஒப்பந்தத்தில், கழற்றி மாட்டக்கூடிய அலங்காரங்களோடு அவை தொடர்ந்தன. டிஸ்னிலேண்டின் பேய் மாளிகையில் 2001 முதல் பருவகால அலங்காரமாக ஒரு படத்தின் பாத்திரங்களை ஏற்றுகிறார்கள், பருவம் முடிந்ததும் எடுத்துவிடுகிறார்கள். கடன் வாங்கிய முகத்துக்கு அதுதான் பொருத்தமான இடம்: சுவருக்கு மேலே, சுவருக்குள் இல்லை.

விளம்பரப் பிரிவுத் தலைவர் தன் மறுப்பை எழுதியே கொடுத்தார். ஒரு முழுப் பருவம் நடத்திவிட்டு மறுபரிசீலனை செய்வது என்று ஒத்துக்கொண்டோம்.

அதன் பிறகு நடந்தது

முதல் வாரங்கள் கடினமாக இருந்தன. பழைய துண்டுப் பிரசுரங்கள் இன்னும் சுற்றிக்கொண்டிருந்ததால், முயலைப் பார்க்கலாம் என்று பிள்ளையிடம் வாக்குக் கொடுத்து அழைத்து வந்தவர்கள் வாசலில் ஏமாந்தார்கள். "குழந்தைகிட்ட என்னங்க சொல்றது?" என்று ஓர் அப்பா கேட்டதற்கு அங்கிருந்த ஊழியரிடம் பதில் இல்லை.

மேடையில் அழுகையும் திரும்பியது. வரிசையில் நீர்நாயைப் பார்த்துச் சிரித்த பிள்ளையே சுரங்க வாயைக் கண்டதும் பின்வாங்கியது. காரணம் எளிது: கடைசித் துளைக்கும் மேடைக்கும் நடுவே நீண்ட வெற்றுச் சுவர். அந்த இடைவெளியில் பழக்கம் அறுந்துபோனது. மேடை விளக்குக்குக் கீழே, தண்ணீரிலிருந்து தலையை மட்டும் நீட்டிப் படகைப் பார்த்துவிட்டுச் சுரங்கத்துக்குள் முழுகும் நீர்நாய் ஒன்றை வைத்தார்கள். படகில் ஏற்றிவிடும் பெண்ணுக்குச் சுட்டிக்காட்ட ஒன்று கிடைத்தது. "பாரு, அது முன்னாடி போகுது, பின்னாலேயே போவோமா?" என்பது அவர் தானாகக் கண்டுபிடித்த வாக்கியம். மற்ற ஊழியர்களும் அதையே சொல்லத் தொடங்கினார்கள்.

வரிசை, கார்ட்டூன் வந்த முதல் ஆண்டின் அளவுக்கு நீளவில்லை. கடை விற்பனை நன்றாகவே விழுந்தது, பழைய நிலைக்கு வரவில்லை. உரிமத் தொகை மிச்சமாவதால் அந்த இழப்பின் ஒரு பகுதி ஈடாகிறது, முழுதும் ஈடாகிறது என்று சொல்ல மாட்டேன். மறுபக்கம், எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகள் திரும்ப வந்தார்கள். குழந்தை இல்லாமல் வருகிற பெரியவர்கள் மாலையில் ஏறினார்கள். வெளியே வந்ததும் மறுபடி வரிசைக்கே போகிறவர்கள் கண்ணில் படும் அளவுக்கு இருந்தார்கள். பட்டறையில் காலையில் பழுதானது அன்றே சரியானது. ஆந்தை தலையைத் திருப்பும் வேகத்தை ஒரு தொழில்நுட்பர் பலமுறை மாற்றிப் பார்த்து, படகின் நடு இருக்கையில் இருப்பவரின் கண்ணைச் சரியாகச் சந்திக்கும்படி அமைத்தார். யாரும் அவரிடம் கேட்கவில்லை. செய்ய முடியும் என்பதால் செய்தார்.

பருவ முடிவில் நடந்த மறுபரிசீலனையில் முடிவு அப்படியே நின்றது. விளம்பரப் பிரிவுத் தலைவர் தன் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. பருவகால அலங்காரத்துக்கு மட்டும் ரைடின் முகப்பைத் தர வேண்டும் என்று கேட்டார். அது நியாயம் என்று ஒப்புக்கொண்டோம்.

இன்னொரு முறை என்றால்

பார்வையாளர்களுக்குச் சொல்லும் வேலை உரிமம் முடிவதற்குப் பல மாதங்கள் முன்பே தொடங்க வேண்டும். முயலுக்கு ஒரு விடைபெறும் வாரம் வைத்திருந்தால் அந்த அப்பாவின் கேள்விக்குப் பதில் இருந்திருக்கும்.

கடன் பாத்திரம் எதையும் ஏற்கும்போதே, அது போகும் நாளுக்கும் சேர்த்து வடிவமைக்க வேண்டும். பொம்மைகளின் அடித்தளம் தனியாக இருக்கட்டும். கால்வாய்த் தரையில் துளை போடக் கூடாது. ஒப்புதலுக்குக் கால வரம்பை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். அதற்குள் பதில் வராவிட்டால் பழுதுபார்க்கலாம் என்றும் எழுத வேண்டும். எடுத்துவைக்கும் எதையும் பாதுகாக்க வேண்டும். ஆந்தை தப்பியது, பழைய இசையின் மூல ஒலிப்பதிவு தப்பவில்லை. பழைய ஊழியர் ஒருவர் முணுமுணுத்துக் காட்டியதையும் தரம் குறைந்த ஒரு பதிவையும் வைத்து மறுபடி இசைக்க வேண்டியதாயிற்று.

திரை ரைடுக்கும், சின்னப் பிள்ளைகளுக்கு மட்டுமான ராட்டினத்துக்கும் கார்ட்டூன் வேண்டாம் என்று இந்த நிகழ்விலிருந்து யாரும் முடிவுகட்ட வேண்டாம். அங்கே மாற்றும் செலவு குறைவு, வயது வரம்பும் ஏற்கெனவே இருக்கிறது. இங்கே பார்த்தது கால்வாயும் காட்சிகளும் கொண்ட, எல்லா வயதினரும் ஏறும் ரைடைப் பற்றி மட்டுமே.

ஒரு விஷயம் இன்னும் பேச்சில் இருக்கிறது. நீர்நாய்ப் பொம்மை கடையில் ஓரளவு விற்கத் தொடங்கியதும், அதை எல்லாக் காட்சியிலும் வைக்க வேண்டும் என்று கோரிக்கை வந்தது. சொந்தப் பாத்திரமே ஆனாலும் ஒவ்வொரு வளைவிலும் வந்து கையசைத்தால் அதுவும் முயலாகிவிடும் என்பது எங்கள் பதில். இப்போதைக்கு மேடையிலும் உள்ளே இரண்டு இடங்களிலும் மட்டும் வருகிறது. மின்மினி வளைவில் அதை வைப்பதில்லை என்று வடிவமைப்புக் குறிப்பில் எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறோம். அடுத்த பருவத் திட்டத்தில் அந்தக் கோரிக்கை மறுபடி வரும். எங்கள் பதில் மாறாது.